உண்மையான சரக்குக்குப் பொய்ச் சாட்சி

நல்ல பொருளைப் பற்றி, அதைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர் "நல்ல பொருள்" என்று எழுதினால் அது பொய்யா?

மதுரையில் சிறு கடைகளுக்கு இணையத்தில் பெயர் தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. கூகுள் மேப்ஸில் கடையை ஏற்றுவது, படம் எடுத்துப் போடுவது, இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது, நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு முதலாளி சார்பில் பதில் எழுதுவது எல்லாம் என் வேலை. மெஸ், லாட்ஜ், பாத்திரக்கடை, துணிக்கடை என்று பல தரப்பும் வருகிறார்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர்.

"தங்கச்சி, நம்ம சேலை கையால முடிச்சுப் போட்டது. நாலு வீடு தள்ளி பிரிண்ட் சேலையைச் சுங்குடின்னு விக்கிறாங்க. அவங்களுக்கு நானூறு ரிவ்யூ. நமக்கு முப்பது. ஒரு பையன் மொத்தமா இருநூறு போட்டுத் தர்றேன்னு வந்து நிக்கிறான். நம்மகிட்ட இருக்கிறதைத்தான எழுதப்போறான்? இதுல என்னம்மா பொய்?"

"அண்ணே, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோசனை தேவைப்படவில்லை. ஏன் வேண்டாம் என்று அவருக்கு விளங்கும்படி சொல்லத்தான் யோசனை தேவைப்பட்டது. அவர் பேராசைக்காரர் இல்லை. வள்ளுவரையே துணைக்கு அழைத்தார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று வாய்மை அதிகாரத்திலேயே இருக்கிறதே என்றார். இப்படிக் கேட்பவருக்கு "கூகுள் விதிப்படி தப்பு" என்று பதில் சொல்வது அவரைக் குறைத்து மதிப்பதாகும்.

அவருடைய பயமும் நியாயமானது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா 2011-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். அந்தப் பலன் தனிக் கடைகளுக்கே கிடைத்தது; ஊரூராகக் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. பெரிய கடைக்குப் பெயர் வேறு வழிகளில் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்து மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, கோபுர வாசலில் நின்று கைப்பேசியில் "சுங்குடி" என்று தேடும் பெண்ணுக்கு, நம் பெரியவரின் கடையைப் பற்றி அந்த முப்பது பேர் சொன்னது மட்டும்தான் தெரியும்.

ஆகவே பெயர் தேடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். மதுரை வணிகர்கள் இரண்டாயிரம் வருடங்களாகப் பெயர் தேடி வருகிறவர்கள். ஊருக்கு வடக்கே அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கம், சமண முனிவர்களுக்காகக் கற்படுக்கைகள் வெட்டிய குகைத்தளம் இருக்கிறது. அங்கே தமிழி எழுத்தில் உள்ள கல்வெட்டுகளைக் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்பார்கள். உப்பு வணிகர், பாணிதம் என்ற வெல்லப்பாகு விற்றவர், ஏருக்குக் கொழு விற்றவர், அறுவை என்ற துணி விற்றவர், மதுரைப் பொற்கொல்லர் என்று கொடையாளிகளின் பெயர்கள் தொழிலோடு சேர்த்து வெட்டப்பட்டிருக்கின்றன. துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர் தன் வியாபாரத்தையும் ஏன் எழுதினார்? ஊரார் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. படுக்கையும் அங்கே இருக்கிறது, பெயரும் அங்கே இருக்கிறது. செய்த காரியத்தின் பக்கத்தில் செய்தவர் பெயர். போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

வள்ளுவரும் இல்லறத்தாருக்குப் புகழை விலக்கவில்லை. இல்லறவியலின் கடைசி அதிகாரமாக அதை வைத்திருக்கிறார். அதற்கு முந்தைய அதிகாரம் ஈகை. கொடுத்தல் முன்னே போகிறது, பெயர் பின்னே வருகிறது. வணிகருக்கான குறளை அவர் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தை முடித்துவைப்பதாக வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணி நடப்பதே வாணிகம் என்பது அதன் கருத்து. இன்றைய வணிகத்தில் பிறர் பொருள் என்பதில் பிறர் பெயரும் அடக்கம் என்று நான் வாசிக்கிறேன். போட்டிக் கடைக்கு ஆள் வைத்து ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர் அந்தக் கடையின் கல்லாவில் கை வைத்தவர்தான்.

இதுவரை பெரியவரும் நானும் ஒரே பக்கம். பிரிகிற இடம் சாட்சி.

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வருகிறவர் இன்னொரு மதுரை வணிகர். மணிமேகலையை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரை மரபு "மதுரைக் கூலவாணிகன்" என்றே சொல்கிறது. கூலம் என்றால் தானியம். அவர் காவியத்தில் மணிமேகலை வஞ்சி நகருக்குப் போய், ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிறவர் அளவைவாதி. ஒன்று உண்மை என்று நமக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு அளவைகள் எனும் பத்து வழிகளை அவர் அடுக்குகிறார். கண்ணால் காண்பது முதலில் வருகிறது. புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது பின்னால் வருகிறது. நம்பத்தக்கவர் வாக்கை ஏற்பது ஆகமம். அதிலிருந்து பிரித்து, தனியாக ஐதிகம் என்று ஒன்றையும் வைக்கிறார். உலகத்தார் வழிவழியாகச் சொல்கிறார்கள் என்பதற்காக ஏற்பது அது. அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று நம்புவது.

படியளந்து விற்ற ஊர்க்காரர் ஒருவர் இந்த இரண்டையும் தனித்தனியே வைத்துப் பாடினார் என்பது எனக்குப் பெரிய விஷயம். நூறு பேர் சொல்வதாலேயே ஒன்று நம்பத்தக்கவர் வாக்கு ஆகிவிடாது. 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் தளத்தில் பதிந்தார். தெரிந்தவர்களை வைத்துப் பொய் விமர்சனங்கள் எழுதவைத்தார். இல்லாத அந்த உணவகம் சில மாதங்களில் லண்டனின் முதலிடத்துக்கு வந்தது. சாப்பிட இடம் கேட்டு ஆட்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். சாத்தனாரின் மரத்துப் பேய் லண்டனுக்குக் குடிபோயிருந்தது.

யார் வாக்கு நம்பத்தக்கது என்பதற்கு, நியாயம் என்ற தர்க்க மரபின் நூலார் தெளிவான இலக்கணம் சொன்னார்கள். அவர்கள் ஆப்தன் என்று சொல்கிறவர், பொருளைத் தானே நேரில் அறிந்தவர். அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவர். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இன்னும் ஒரு படி போய், இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சர் எனப்பட்ட அயலாருக்கும் பொது என்றார். குலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். பார்த்திருக்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். அப்படியென்றால் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு சேலை எடுத்துப்போன அக்காவும் ஆப்தர்தான். அவர் எழுதும் இரண்டு வரியும் பிரமாணம்தான்.

பெரியவரின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. "இந்தச் சேலை நல்ல சேலை" என்று மட்டும் ஒரு ரிவ்யூ சொல்வதில்லை. "நான் வாங்கினேன், கட்டினேன், துவைத்தேன், நல்ல சேலை" என்று சொல்கிறது. முதல் மூன்றையும் எழுதாமல் விட்டாலும், படிக்கிறவர் அவற்றைச் சேர்த்தே படிக்கிறார். அவற்றை நம்பித்தான் நாலாவதை நம்புகிறார். அந்தப் பையன் எழுதப்போவதில் நாலாவது உண்மை, முதல் மூன்றும் பொய். பொருள் நல்லதாக இருப்பதால் சாட்சி உண்மையாகிவிடாது. கொலையைப் பார்க்காதவர் கூண்டில் ஏறி "இவன்தான் கொன்றான்" என்று சொல்லி, நிஜமாகவே அவன்தான் கொன்றிருந்தாலும், சொன்னது பொய்ச் சாட்சியே. அழகர்மலைப் படுக்கைகளில் படுத்த சமண முனிவர்களின் மரபில் இதற்குத் தனி இடமே உண்டு. தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் ஏற்கும் வாய்மை விரதத்துக்கு ஐந்து மீறல்களைச் சொல்கிறது. பொய்யாக எழுதி ஆவணம் உண்டாக்குவது அவற்றில் ஒன்று. வாயால் சொல்வதோடு சேர்த்துவிடாமல் எழுத்தைத் தனியாகக் குறிப்பிட்டதில் காரணம் இருக்கிறது. எழுத்து, எழுதியவர் போன பிறகும் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.

வள்ளுவர் தந்த விலக்கு? அதைப் பெரியவரும் நானும் வரி வரியாகப் பேசினோம். எந்த நன்மையும் போதும் என்று அவர் சொல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்று நிபந்தனை போடுகிறார். கொலைகாரன் துரத்தும்போது, ஓடி ஒளிந்தவன் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் மறைப்பது அந்த வகையில் சேரும். அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. பொய் ரிவ்யூவால் யாருக்கு நஷ்டம் என்று எண்ணிப் பார்த்தோம். தெருக்கோடியில் இவரைப் போலவே கையால் முடிந்த சேலை விற்று, ஆள் வைத்து எழுதவைக்க வசதி இல்லாத சின்னக் கடைக்காரர் ஒருவர். தாமே பார்த்துத் தீர்மானிப்பதாக நினைத்துக்கொண்டு வரும் வாடிக்கையாளர் இரண்டாமவர். ஏற்கெனவே மனமார எழுதிய அந்த முப்பது பேர் மூன்றாமவர். இருநூறு பொய்க்கு நடுவே அவர்களுடைய முப்பது உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும். அந்த மூன்றாவதைச் சொன்னபோது பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கோயமுத்தூர் டீச்சரம்மா அரைப் பக்கம் எழுதிருந்தாங்களே" என்றார்.

பொய்யின் கைரேகையும் எழுத்திலேயே இருக்கிறது. ரிவ்யூ படிப்பதே வேலையாகிவிட்ட எனக்கு அது பழகிவிட்டது. "சூப்பர் சர்வீஸ், நல்ல கலெக்‌ஷன், நியாயமான விலை" என்பதை எந்த ஊரில் எந்தக் கடைக்கும் ஒட்டலாம். பார்த்தவர் எழுதினால் இடம் வந்துவிடும்: வண்டி நிறுத்த இடமில்லை, மாடிப்படி செங்குத்து, அம்மாவைக் கீழேயே ஸ்டூல் போட்டு உட்காரவைத்துச் சேலையைக் கொண்டுவந்து காட்டினார்கள். குறையும் நிறையும் கலந்து வரும்.

இந்தக் கடைக்கு வந்த ஒரு ரிவ்யூவைச் சொல்ல வேண்டும். இரண்டு நட்சத்திரம், "புள்ளிகள் ஒரே அளவாக இல்லை, வரிசை நேராக இல்லை, தரம் குறைவு." அதை எப்படியாவது எடுத்துவிட முடியுமா என்று பெரியவரின் மகன் கேட்டார். நான் கடைக்குப் போய், சாயம் ஏற்றி வந்து இன்னும் பிரிக்காத ஒரு சேலையைக் கேட்டேன். சுங்குடி எப்படிப் பிறக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். துணியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுகச் சுற்றி முடிகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து நிலைத்த சௌராஷ்டிர சமூகத்தின் கைவேலை இது. பெரும்பாலும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்வது. சாயத்தில் முக்கிக் காயவைத்த துணி, உடம்பெல்லாம் குருணை ஒட்டியதுபோல் சொரசொரப்பாகச் சுருங்கிக் கிடக்கும். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். நூல் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒருத்தி இறுக்கமாகக் கட்டியிருப்பாள், கை அசந்த நேரத்தில் கொஞ்சம் தளர்த்திக் கட்டியிருப்பாள். ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இருக்காது. எல்லாம் அச்சாக ஒன்றுபோல் இருந்தால் அது அச்சேதான்.

அந்த வாடிக்கையாளர் பார்த்தது உண்மை, எழுதியதும் உண்மை. அதற்கு அவர் கொண்ட பொருள்தான் மாறிப்போனது. அதை நீக்கச் சொல்லிக் கேட்பது ஒரு நேர்மையான சாட்சியை வாயடைப்பதாகும். "நீங்கள் கண்டது சரி. புள்ளிகள் ஒன்றுபோல் இல்லாததே கையால் முடிந்ததற்கு அடையாளம். அதை விற்கும்போதே உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை. மனம் ஒப்பவில்லை என்றால் சேலையைக் கொண்டுவாருங்கள்" என்று பதில் எழுதி, முடிச்சோடு இருந்த சேலையின் படத்தையும் கடைப் பக்கத்தில் ஏற்றினோம். அவர் நட்சத்திரத்தை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள், சேலையைத் திருப்பிப் புள்ளியைத் தடவிப் பார்த்து, "ஒண்ணு போல இல்லையே, அப்ப கைவேலைதான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு நட்சத்திரம் செய்த வேலையை இருநூறு பொய் ஐந்து நட்சத்திரம் செய்திருக்காது.

சாட்சி சொல்பவருக்கும் கடைக்காரருக்கும் உள்ள அறத்தைச் சொல்லிவிட்டேன். படிக்கிறவருக்கும் அறம் உண்டு. மதுரையில் பிறந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். கேட்டதை ஆராயாமல் நம்பியதற்காக எரிந்த ஊர் இது. கோவலன் சிலம்பு திருடினான் என்று அரண்மனைப் பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான். சொன்னவனுக்கு ஊரில் பெயர் இருந்தது; பழி சுமந்தவன் வெளியூர்க்காரன், அவனுக்காகப் பேச யாருமில்லை. சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே மாணிக்கமா முத்தா என்று தெரிந்திருக்கும். அந்தச் சோதனை கோவலன் இறந்த பிறகு, கண்ணகியின் கையால் நடந்தது. அதே சாத்தனார் தம் காவியத்தில், அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டையும் அளவைவாதியின் வாயால் சொல்கிறார். அவற்றில் ஒன்று தேராது தெளிதல், அதாவது ஆராயாமலே முடிவுகட்டுவது.

இன்று நாம் ஒவ்வொருவரும் சிறு அளவில் பாண்டியனின் அந்த அரியணையில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு மெஸ்ஸின் சாப்பாட்டில் ஏதோ கிடந்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார் என்று எதுவும் இல்லை. கை தானாக அதை அடுத்த குழுவுக்குத் தள்ளுகிறது. அந்தக் கடையில் இலை போடுகிறவர், மாவு அரைக்கிறவர் எல்லார் தலையிலும் தீர்ப்பு விழுந்துவிடுகிறது. சிலம்பை உடைத்துப் பார்ப்பது இங்கே அத்தனை கடினம் இல்லை. எழுதியவர் பெயரைத் தட்டி, அவர் வேறு என்னென்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம். ஒரே நாளில் மதுரைப் பல் ஆஸ்பத்திரி, ஜெய்ப்பூர் ஓட்டல், கொச்சி கார் ஒர்க்‌ஷாப் என்று ஐந்து ஐந்து நட்சத்திரமாகப் போட்டிருந்தால் அவர் எதையும் பார்த்தவர் இல்லை. மாதக்கணக்கில் அமைதியாக இருந்த கடைக்கு ஒரே வாரத்தில் குவியலாகப் புகழோ பழியோ வந்தால் சற்று நிதானிக்கலாம்.

சட்டமும் விதிகளும் தம் பங்குக்கு நகர்ந்திருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை, இணையத்தில் வரும் நுகர்வோர் கருத்துகளுக்காகவே வெளியிட்டது. எழுதுகிறவருக்கும் தளத்தை நடத்துகிறவருக்கும் உள்ள பொறுப்புகளை அது சொல்கிறது. விருப்பத்தின்பேரில் பின்பற்றும் தரமாகவே அது வந்தது. ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதையும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எழுதக் கேட்பதையும் கூகுளின் விதிகள் தடுக்கின்றன. 2023-இல் மட்டும் விதி மீறிய 17 கோடிக்கும் மேலான ரிவ்யூக்களை நீக்கியதாக அந்நிறுவனம் சொன்னது. நீக்கியதே இவ்வளவு என்றால், இது சட்டத்தை மட்டும் நம்பி விட்டுவிடக்கூடிய காரியம் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதக்கூடாது என்ற எண்ணம் எழுதுகிறவர் மனத்தில் இருக்க வேண்டும்.

பெரியவர் அந்தப் பையனை அனுப்பிவிட்டார். அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்தோம். சேலைப் பையில் ஒரு சின்ன அட்டை வைக்கிறோம். கியூஆர் கோடு ஒன்று, அதன் கீழே அவரே சொல்லி எழுதிய வரி: "இரண்டு முறை கட்டித் துவைத்த பிறகு, உள்ளது உள்ளபடி எழுதுங்கள்." குறை சொல்லப்போகிறவருக்கும் அதே அட்டைதான். சேலை வாங்கிய சூட்டிலேயே எழுதச் சொன்னால் ரிவ்யூ அதிகம் வரும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சொன்னேன். "துவைக்காம சாயத்தைப் பத்தி அவங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்றார். நியாய நூலார் சொன்ன நேரில் அறிதலை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறுகிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் கடையை அது இன்னும் எட்டவில்லை, எட்டாமலே போகலாம். அறத்தைக் கைக்கொண்டால் வியாபாரம் பெருகும் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. வியாபாரம் பெருகுவதற்காகக் கைக்கொள்வது அறமும் ஆகாது.

கடைக்காரரிடம் இவ்வளவு கேட்ட பிறகு வாங்குகிறவரிடமும் ஒன்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. நல்ல சேலை கட்டி மகிழ்ந்தவர்கள், வயிறு வாழ்த்தச் சாப்பிட்டவர்கள், நியாயமான கூலிக்கு மோட்டார் ரிப்பேர் பார்த்து வாங்கிப் போனவர்கள் பெரும்பாலும் ஒன்றும் எழுதுவதில்லை. கோபம் வந்தவர் மட்டும் எழுதுகிறார், அல்லது கூலி வாங்கியவர் எழுதுகிறார். உண்மை அறிந்தவர்கள் வாய் திறக்காததால்தான் பொய்ச் சாட்சிக்கு இவ்வளவு கிராக்கி. கண்டதைச் சொல்லாமல் இருப்பது பொய் இல்லைதான். ஆனால் ஒரு நேர்மையான கடைக்காரர் சாட்சியில்லாமல் நிற்கும்போது, கண்டவர் பேசாமல் கடந்துபோவது அறமும் இல்லை. இந்த மாதம் உங்களுக்கு ஒழுங்காக நடந்துகொண்ட ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். அங்கே நீங்கள் கண்டதை, குறை இருந்தால் குறையோடு, இரண்டு வரி எழுதுங்கள்.